கறுப்பா, சிவப்பா? கறுப்பு-வெள்ளை போட்டோவில் நிறம் தேடும் துப்பறியும் வேலை!

இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டன் நகரிலிருந்து ஷ்ரூஸ்பரி போகும் ரயில் பாதையில் காஸ்ஃபோர்டு என்று ஒரு சின்ன ஸ்டேஷன். இறங்கிச் சிறிது தூரம் நடந்தால், ஓடுபாதையை ஒட்டிப் பெரிய பெரிய விமானக் கொட்டகைகள். பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தின் மிட்லேண்ட்ஸ் கிளை இதுதான். உள்ளே போகக் கட்டணம் கிடையாது.

கூட்டம் அதிகம் நிற்பது பிரமாண்டமான விமானங்களின் முன்னால். ஆனால், ஒற்றை ஆள் மட்டுமே உட்காரக்கூடிய ஒரு சிறிய ஜெர்மன் போர் விமானத்தைப் பார்க்கவென்றே இங்கே வருபவர்களும் உண்டு. மெஸ்ஸர்ஷ்மிட் 109 ரகம். மேல் பக்கம் பாலைவன மணல் நிறம், வயிற்றுப் பக்கம் வெளிர் நீலம், உடலின் பின்பகுதியைச் சுற்றி ஒரு வெள்ளைப் பட்டை. பக்கவாட்டில் கறுப்பு நிறத்தில் '6' என்ற எண். அதனால் இதன் பெயரே 'பிளாக் சிக்ஸ்'.

எண் சரி, பெயரில் நிறம் எதற்கு? '6-ம் நம்பர் விமானம்' என்று சொன்னால் போதாதா? போதாது. அந்த நிறத்துக்குள்தான் ஒரு விமானியின் அடையாளமே இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலப் படங்களில் மிகப் பெரும்பாலானவை கறுப்பு-வெள்ளை என்பதால், அந்த நிறத்தைக் கண்டுபிடிப்பது இன்று வரை தீராத ஒரு துப்பறியும் வேலையாகத் தொடர்கிறது.

ஒரே எண்... ஒன்பது விமானங்கள்!

ஜெர்மன் போர் விமானப் படையில் 'ஸ்டாஃபல்' என்பது சிறிய அணி. சுமார் 9 முதல் 12 விமானங்கள் இருக்கும். மூன்று ஸ்டாஃபல்கள் சேர்ந்தால் ஒரு 'குரூப்பெ'. மூன்று குரூப்பெக்கள் சேர்ந்தால் ஒரு 'கெஷ்வாடர்'. போரின் முற்பாதியில் பெரும்பாலும் இதுதான் அமைப்பு.

ஒவ்வொரு ஸ்டாஃபலும் தன் விமானங்களுக்கு 1, 2, 3 என்று எண் போட்டுக்கொள்ளும். அப்படியானால் ஒரே கெஷ்வாடரில் 6 என்ற எண்ணோடு ஒன்பது விமானங்கள் இருக்கலாம். எது யாருடையது என்று தெரிய வேண்டாமா? அதற்குத்தான் நிறம்.

ஒவ்வொரு குரூப்பெயிலும் முதல் ஸ்டாஃபலுக்கு வெள்ளை எண். இரண்டாவதுக்குச் சிவப்பு. மூன்றாவதுக்கு மஞ்சள். அதாவது 1, 4, 7 ஆகிய ஸ்டாஃபல்களுக்கு வெள்ளை. 2, 5, 8-க்குச் சிவப்பு. 3, 6, 9-க்கு மஞ்சள். எந்த குரூப்பெ என்பதற்கு ஒரு குறி. முதல் குரூப்பெக்குக் குறி கிடையாது. இரண்டாவதுக்குப் படுக்கைக் கோடு. மூன்றாவதுக்குச் செங்குத்துக் கோடு அல்லது அலைக் கோடு.

நிறம் தெரிந்தால் ஒன்பது மூன்றாகும். குறியும் தெரிந்தால் மூன்று ஒன்றாகும். படம் எடுத்த தேதியும் கிடைத்துவிட்டால், அந்த விமானத்தை அன்று ஓட்டியவர் யார் என்பது வரை போய்விடலாம்.

இவ்வளவு தெளிவான விதியில் ஒரு சிக்கல். பல பிரிவுகள் சிவப்புக்குப் பதிலாகக் கறுப்பைப் பயன்படுத்தின. சில இடங்களில் சிவப்பு, சில இடங்களில் கறுப்பு. பழைய படத்தில் இரண்டுமே கருமையாகத் தெரியும். 'கறுப்பா, சிவப்பா?' என்ற கேள்வி பிறந்தது இப்படித்தான்.

பாலைவனத்தில் சிக்கிய 'கறுப்பு 6'

காஸ்ஃபோர்டில் நிற்கும் விமானத்தின் வரிசை எண் 10639. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இருந்த எர்லா தொழிற்சாலையில் 1942-ல் தயாரானது. 77-வது போர் விமானப் பிரிவின் 8-வது ஸ்டாஃபலுக்குச் சேர்ந்து வட ஆப்பிரிக்கப் போர்முனைக்குப் போனது. விதிப்படி 8-வது ஸ்டாஃபலுக்குச் சிவப்பு எண் வர வேண்டும். இதற்கு வந்தது கறுப்பு.

பாலைவனத்தில் அது அதிக நாள் பறக்கவில்லை. 1942 நவம்பரில், எல் அலமைன் போருக்குப் பிறகு ஜெர்மன் படை பின்வாங்கியபோது, லிபியாவின் கம்பூட் விமானத் தளத்தில் கைவிடப்பட்டது. அங்கே வந்து சேர்ந்த ஆஸ்திரேலிய விமானப்படையின் 3-வது ஸ்குவாட்ரன் அதைக் கைப்பற்றியது. அதன் தளபதி பாபி கிப்ஸ், விமானத்துக்குத் தன் அணியின் எழுத்துகளான 'சி.வி'யைப் போட்டார். ஜெர்மன் சிலுவைக் குறிகள் இருந்த இடத்தில் பிரிட்டிஷ் வட்டச் சின்னம் ஏறியது.

பிறகு கப்பலில் இங்கிலாந்து பயணம். அங்கே எதிரி விமானங்களைப் பறக்கவிட்டு ஆராய்வதற்கென்றே இருந்த 1426-வது பிரிவில் சேர்ந்து, ஆர்.என்.228 என்ற பிரிட்டிஷ் எண்ணோடு பறந்தது. ஒரே விமானம். சில ஆண்டுகளுக்குள் இரண்டு நாடுகளின் சின்னங்கள், வெவ்வேறு எண்கள், வெவ்வேறு நிறங்கள். இதன் படம் ஒன்று தேதி இல்லாமல் கிடைத்தால் எவ்வளவு குழப்பம் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

போர் முடிந்த பிறகு பல ஆண்டுகள் கிடங்குவாசம். 1972-ல் ரஸ் ஸ்னாடன் என்ற விமானப்படை அதிகாரி தலைமையில் தன்னார்வலர்கள் இதைப் புதுப்பிக்கத் தொடங்கினார்கள். ஏறக்குறைய 19 ஆண்டு உழைப்பு. 1991 மார்ச் 17 அன்று விமானம் மறுபடி வானில் ஏறியது. 1997 அக்டோபரில் டக்ஸ்ஃபோர்டு அருகே அவசரமாகத் தரையிறங்கியபோது வயலில் தலைகுப்புறக் கவிழ்ந்தது. விமானி உயிர் தப்பினார். அதற்குப் பிறகு விமானம் பறக்கவில்லை. சீர்செய்யப்பட்டு அருங்காட்சியகத்தின் நிரந்தர விருந்தாளி ஆகிவிட்டது.

போட்டோ ஏன் ஏமாற்றுகிறது?

கறுப்பு-வெள்ளை படம் என்றால் நிறங்கள் அப்படியே சாம்பல் சாயல்களாக மாறியிருக்கும் என்றுதான் நினைக்கிறோம். வெளிர் நிறம் வெளிராக, அடர் நிறம் அடர்த்தியாக. உண்மை அப்படி இல்லை.

ஃபிலிமில் இருக்கும் வெள்ளி உப்புகளுக்கு இயல்பாகத் தெரிவது நீல ஒளியும் புற ஊதா ஒளியும்தான். 1873-ல் பெர்லினில் ஹெர்மன் ஃபோகல் என்ற விஞ்ஞானி, சில சாயங்களைச் சேர்த்தால் ஃபிலிமுக்குப் பச்சையும் தெரியும் என்று கண்டுபிடித்தார். இந்த வழியில் வந்தது 'ஆர்த்தோக்ரோமாட்டிக்' ஃபிலிம். நீலம் தெரியும், பச்சை தெரியும். சிவப்பு மட்டும் தெரியாது. சிவப்பையும் சேர்த்து எல்லா நிறங்களையும் உணரும் 'பான்க்ரோமாட்டிக்' ஃபிலிம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது.

போர்க் காலத்தில் இரண்டு வகையும் புழக்கத்தில் இருந்தன. ஆர்த்தோ ஃபிலிமில் ஒரு வசதி உண்டு. சிவப்பு விளக்கு வெளிச்சத்திலேயே அதைக் கழுவலாம். பான்க்ரோமாட்டிக்குக் கிட்டத்தட்ட முழு இருட்டு வேண்டும்.

இதன் விளைவைப் பாருங்கள். ஆர்த்தோ ஃபிலிமில் சிவப்பு, கறுப்பாகவே விழும். மஞ்சள்கூட நாம் கண்ணால் பார்ப்பதைவிட நன்றாகக் கருத்துப்போகும். நீலமோ வெளிறி, சில நேரம் வெள்ளை போலத் தெரியும். பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் வளையம் உண்டு. ஆர்த்தோ படங்களில் அது கருவளையமாகத் தெரிவது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை.

ஜெர்மன் விமானங்களில் அடித்த மஞ்சள், லேசாக ஆரஞ்சுச் சாயல் கொண்டது. ஆகவே ஆர்த்தோ ஃபிலிமில் இன்னும் இருளும். மஞ்சள் எண்ணைச் சிவப்பு என்றும், சிவப்பு எண்ணைக் கறுப்பு என்றும் நினைத்துவிட வாய்ப்பு அதிகம். போதாததற்கு, கேமரா லென்ஸின் முன்னால் மஞ்சள் ஃபில்டர் போட்டிருந்தால் கதையே மாறிவிடும். பான்க்ரோமாட்டிக் ஃபிலிமில் அப்போது மஞ்சள் வெளிறும், நீலம் கருக்கும்.

உதடும் வானமும் சொல்லும் சேதி

ஆகவே அனுபவசாலிகள் முதலில் எண்ணைப் பார்ப்பதில்லை. படத்தில் இருக்கும் மற்றவற்றைப் பார்க்கிறார்கள். முதல் கேள்வி: இது எந்த வகை ஃபிலிம்?

விமானத்தின் அருகே நிற்பவர்களின் முகம் பெரிய துப்பு. உதடு கறுத்து, வெயிலில் சிவந்த முகம் கருமையாகத் தெரிந்தால் ஆர்த்தோவாக இருக்கலாம். வானமும் பேசும். வானம் வெள்ளைத் தாளாக, மேகமே இல்லாததுபோல இருந்தால் ஃபிலிம் நீலத்தை அதிகம் வாங்கியிருக்கிறது என்று பொருள். வானம் அடர்ந்து, மேகங்கள் பளிச்சென்று இருந்தால் ஃபில்டர் போட்டு எடுத்திருக்கலாம்.

அடுத்த படி, அதே படத்துக்குள் நிறம் உறுதியாகத் தெரிந்த பொருள் ஏதாவது இருக்கிறதா என்று தேடுவது. ஜெர்மன் விமானங்களில் அப்படிச் சில 'சாட்சிகள்' உண்டு.

* உடலில் இருக்கும் சிலுவைக் குறியின் மையம் கறுப்பு. (பிற்காலத்தில் சில விமானங்களில் வெறும் வெள்ளைக் கோடுகள் மட்டும் இருந்தன.)

* பெட்ரோல் ஊற்றும் இடத்துக்கு அருகில் ஒரு சின்ன முக்கோணம். அது மஞ்சள். எரிபொருளின் ரகம் அதில் எழுதியிருக்கும்.

* முதலுதவிப் பெட்டி இருக்கும் மூடியில் செஞ்சிலுவை. அது சிவப்பு.

* மத்திய தரைக்கடல் பகுதி விமானங்களுக்கு உடலைச் சுற்றி வெள்ளைப் பட்டை. ரஷ்யப் போர்முனையில் மஞ்சள் பட்டை.

* கடல் மீது பறந்த விமானிகள் அணிந்த உயிர்காப்பு உடை பெரும்பாலும் மஞ்சள்.

இப்போது எண்ணை இந்தச் சாட்சிகளோடு ஒப்பிட வேண்டும். சிலுவையின் கறுப்பைவிட எண் ஒரு துளி வெளிறி இருந்தால், அது கறுப்பு இல்லை. முக்கோணத்தின் சாயலும் எண்ணின் சாயலும் ஒன்றாக இருந்தால், மஞ்சளாக இருக்க வாய்ப்பு அதிகம். எண்ணும் சிலுவையும் ஒரே கருமையாக இருந்து, ஃபிலிமும் ஆர்த்தோ என்றால்? அந்த ஒரு படத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. வேறொரு ஃபிலிமில் எடுத்த அதே விமானத்தின் இன்னொரு படம் வேண்டும்.

ஒப்பிடுவதிலும் கவனம் தேவை. விமானத்தின் உடல் உருளை வடிவம். மேல் பக்கம் வெயில் பட்டு வெளிறும், கீழ்ப் பக்கம் நிழலில் கருக்கும். புகை, எண்ணெய்க் கறை, தூசு எல்லாம் சாயலை மாற்றும். ஆகவே ஒரே உயரத்தில், ஒரே வெளிச்சத்தில் இருக்கும் இரண்டு இடங்களைத்தான் ஒப்பிட வேண்டும்.

காகிதமும் பெயின்ட்டும் பேசும்

படம் கைவிட்டால் காகிதம் உதவும். விழுந்த, சேதமான விமானங்களின் பட்டியலை ஜெர்மன் விமானப்படை தொடர்ந்து எழுதிவைத்தது. வரிசை எண், பிரிவு, சேதம் எத்தனை சதவிகிதம், விமானி என்ன ஆனார் என்ற விவரங்கள் அதில் இருக்கும். சில பதிவுகளில் 'மஞ்சள் 14' என்பதுபோல எண்ணும் நிறமும் சேர்ந்தே இருக்கும். பிரிட்டிஷ் தரப்பில், தங்கள் மண்ணில் விழுந்த எதிரி விமானத்தை உளவுப் பிரிவினர் நேரில் போய்ப் பார்த்து நிறங்களைக் குறித்துவைத்தார்கள். கண்ணால் பார்த்து எழுதிய அந்த வரிகளுக்கு மதிப்பு அதிகம்.

இன்னொரு சாட்சி பெயின்ட். அமெரிக்காவில் வாஷிங்டன் அருகே ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் உத்வர்-ஹேஸி மையத்தில் ஃபோக்க-வுல்ஃப் 190 விமானம் ஒன்று இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் அதைப் புதுப்பித்தபோது மேல் பூச்சுக்குக் கீழே பழைய அடுக்குகள் தெரியவந்தன. அவற்றை வைத்தே அதன் 1944-ம் ஆண்டுத் தோற்றத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் அருங்காட்சியகத்தில் நிற்கும் எல்லா விமானமும் இப்படி இல்லை. போருக்குப் பிறகு தோராயமாகப் பெயின்ட் அடிக்கப்பட்டவையும் உண்டு. கண்ணெதிரே நிற்கிறது என்பதற்காக அதன் நிறத்தை அப்படியே நம்பிவிட முடியாது.

படங்களைத் தேடுபவர்களின் இன்னொரு முக்கியமான இடம், ஜெர்மனியின் கோப்லென்ஸ். ரைன் நதியும் மோசெல் நதியும் கலக்கும் அழகான ஊர். ஜெர்மன் தேசிய ஆவணக் காப்பகத்தின் படத் தொகுப்பு இங்கேதான் இருக்கிறது. 2008 டிசம்பரில் இந்தக் காப்பகம் 80,000-க்கும் மேற்பட்ட படங்களை விக்கிமீடியா மூலம் எல்லோரும் பார்க்கும்படி திறந்துவிட்டது. நாஜி அரசின் பிரசாரப் பிரிவுப் புகைப்படக்காரர்கள் எடுத்தவையும் அவற்றில் உண்டு. படங்களோடு காப்பகம் ஒரு எச்சரிக்கையும் சேர்த்திருக்கிறது. பழைய படக்குறிப்புகள் அப்படியே வைக்கப்பட்டுள்ளன. அவற்றில் பிழையும் ஒருதலைப்பட்சமும் இருக்கலாம் என்பதே அது.

பட்டைகளின் புதிர்

போரின் கடைசிக் கட்டத்தில் புதிர் இன்னும் முற்றியது. குரூப்பெக்களில் நான்காவது ஸ்டாஃபல் சேர்ந்தபோது, அதற்கு நீல எண் வந்தது. ஜெர்மனியைக் காக்கும் பிரிவுகள், விமானத்தின் பின்பகுதியில் வண்ணப் பட்டைகள் போட்டுக்கொண்டன. 1-வது பிரிவுக்குச் சிவப்பு, 27-வதுக்குப் பச்சை, 54-வதுக்கு நீலம். வண்ணத்தில் மூன்றும் வேறு வேறு. கறுப்பு-வெள்ளையில் மூன்றுமே ஒரே நடுத்தரச் சாம்பலாக வந்துவிடலாம்.

வானத்தில் நிறம் என்பது அலங்காரம் இல்லை, உயிர் விஷயம். இதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 1942-ல் இந்தியா, பர்மா பகுதிகளில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களின் சின்னத்திலிருந்து நடுவில் இருந்த சிவப்பையே எடுத்துவிட்டார்கள். ஜப்பானியரின் சிவப்புச் சூரியன் என்று நினைத்துச் சொந்தப் படையே சுட்டுவிடக் கூடாது என்ற பயம்தான் காரணம்.

போனில் செய்து பார்க்கலாம்

ஃபிலிமின் இந்தக் குணத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். தக்காளி, எலுமிச்சம்பழம், நீல நிற மூடி ஒன்று. மூன்றையும் சேர்த்துப் போனில் ஒரு படம் எடுங்கள். எடிட்டிங் ஆப்பில் கறுப்பு-வெள்ளையாக மாற்றுங்கள். நிறங்களைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி இருந்தால், சிவப்பை முழுவதும் குறைத்து, மஞ்சளைக் கொஞ்சம் குறைத்து, நீலத்தைக் கூட்டுங்கள். தக்காளி கரியாகிவிடும், எலுமிச்சை கருக்கும், நீல மூடி வெளிறும். கிட்டத்தட்ட ஆர்த்தோ ஃபிலிம் பார்த்த உலகம் இதுதான்.

பழைய படங்களுக்கு ஒரு நொடியில் கலர் சேர்த்துத் தரும் ஆப்களும் இப்போது ஏராளம். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது தரும் நிறம் ஊகம்தான். படத்துக்குள்ளிருந்து எடுத்தது இல்லை. ஆப் மஞ்சள் பூசியதற்காக அந்த எண் மஞ்சள் ஆகிவிடாது. அப்படிக் கலராக்கிய படங்கள் பகிரப்பட்டுப் பகிரப்பட்டு, நாளைக்கு அதையே ஆதாரம் என்று காட்டுபவர்களும் வரலாம்.

ஒரு நிறத்துக்குப் பின்னால் ஒரு மனிதர்

'இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது?' என்ற கேள்வி நியாயமானது. சிறிய மாடல் விமானம் செய்து பெயின்ட் அடிப்பவர்களின் பொழுதுபோக்காகவே பலர் இதைப் பார்க்கிறார்கள். ஆனால் போரில் காணாமல் போனவர்களின் எச்சங்கள் ஐரோப்பாவின் வயல்களிலும் காடுகளிலும் இன்றும் கிடைக்கின்றன. 'சிவப்பு 8', 'மஞ்சள் 8' என்பவை இரண்டு வெவ்வேறு விமானங்கள். இரண்டு வெவ்வேறு மனிதர்கள். நிறத்தைத் தவறாகச் சொன்னால், ஒரு படத்துக்குக் கீழே சம்பந்தமே இல்லாத ஒருவரின் பெயர் ஏறிவிடும். அவர் குடும்பத்துக்குத் தவறான சேதி போகும்.

இந்த விமானங்களின் இன்னொரு பக்கத்தையும் மறந்துவிட முடியாது. வாலில் இருந்த ஸ்வஸ்திகா ஒரு கொடூர ஆட்சியின் சின்னம். 'கறுப்பு 6' தயாரான எர்லா தொழிற்சாலைக்காக 1943-ல் லைப்சிக்கின் டெக்லா பகுதியில் புஹன்வால்ட் வதை முகாமின் கிளை ஒன்றே திறக்கப்பட்டது. கைதிகள் அங்கே விமானப் பாகங்கள் செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 1945 ஏப்ரலில், விடுதலைக்குச் சில மணி நேரம் முன்பாக, நடக்க முடியாத கைதிகள் பலர் அங்கேயே கொல்லப்பட்டார்கள். ஒரு விமானத்தின் கதையைச் சரியாகச் சொல்வது என்றால், எண்ணின் நிறத்தோடு இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இத்தனை முயற்சிக்குப் பிறகும் பல படங்களுக்கு விடை கிடைப்பதில்லை. அப்போது நேர்மையான ஆய்வாளர்கள் 'சிவப்பு அல்லது கறுப்பு' என்று எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள். தெரிந்ததுபோல ஒரு நிறத்தைப் பூசிவிடுவதைவிட அதுவே மேல்.

காஸ்ஃபோர்டு போகிறீர்களா?

பர்மிங்ஹாம், வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து ரயிலில் எளிதாகப் போகலாம். காரில் போனால் பார்க்கிங்குக்கு மட்டும் கட்டணம். 'கறுப்பு 6' தவிர, மெஸ்ஸர்ஷ்மிட் 163 'கோமெட்' ராக்கெட் விமானம், மெஸ்ஸர்ஷ்மிட் 410, பனிப்போர்க் காலத்துக்கென்றே தனி அரங்கம் என்று ஒரு நாள் முழுக்கப் பார்க்க விஷயம் இருக்கிறது. காட்சிப் பொருள்களை அவ்வப்போது இடம் மாற்றுவார்கள் என்பதால், கிளம்பும் முன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. 1779-ல் எழுப்பிய உலகப் புகழ்பெற்ற இரும்புப் பாலமும் இதே ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. நேரம் இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

'கறுப்பு 6' முன்னால் நிற்கும்போது போனில் இரண்டு படங்கள் எடுங்கள். ஒன்று கலரில், ஒன்று கறுப்பு-வெள்ளையில். இரண்டாவது படத்தை மட்டும் நண்பருக்கு அனுப்பி, எண் என்ன நிறம் என்று கேளுங்கள். கறுப்பு என்று உடனே பதில் வரும். 'சிவப்பாக இருக்கக் கூடாதா?' என்று திருப்பிக் கேளுங்கள். அப்போது அவரும் அந்தப் படத்தில் முக்கோணத்தையும் சிலுவையையும் தேட ஆரம்பித்துவிடுவார்!